மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் சோலார் பேட்டரியை மறுபடி ஆன் செய்தால் தீப்பொறி வருகிறது, இது சகஜமா?

கானாடுகாத்தான் வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கானாடுகாத்தானில், நாங்கள் இருப்பது சென்னையில். படைப்பு, பிள்ளையார் நோன்பு, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால் வந்து திறப்போம், மற்ற நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் வந்து கூட்டி விளக்கேற்றிவிட்டுப் போவார். மாடியில் சோலார் பேனல், இரண்டாம் கட்டில் ஸ்டோர் ரூமை ஒட்டி 5 கேவிஏ ஹைபிரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்து நடத்துகிறது), 48 வோல்ட் லித்தியம் பேட்டரி 100 ஆம்பியர் அவர் இரண்டு, பேரலலாக. ஊருக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் போகிறோம்.

பிரச்சினை திரும்பி வந்து ஆன் செய்யும்போதுதான். பேட்டரியின் பட்டனை அழுத்தி, அது உயிர் பெற்றதும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கிற டிசி பிரேக்கரைத் தூக்கினால் டப் என்று ஒரு சத்தம். பேட்டரியில் சிவப்பு விளக்கு வந்துவிடுகிறது, இன்வெர்ட்டர் அசைவதில்லை. பேட்டரியை ரீசெட் செய்து உடனே மறுபடி தூக்கினால் அதே சத்தம், கொஞ்சம் சின்னதாக. இப்படி விடாமல் செய்தால் ஒரு கட்டத்தில் பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரீஷியனைக் கேட்டால் "பெரிய இன்வெர்ட்டர்னா அப்படித்தான் ஆச்சி, ரெண்டு மூணு தடவை அடிச்சா புடிச்சுக்கும்" என்கிறார். போன முறை பிரேக்கரை மாற்றியபோது அவர் கேபிளை நேராகப் பேட்டரி முனையில் வைத்தார், பளீர் என்று நீல வெளிச்சம், அப்புறம் பார்த்தால் கேபிள் நுனியில் மாட்டியிருக்கிற லக்கின் விளிம்பில் செம்பு உருகிக் கறுப்பாகக் குழி விழுந்திருக்கிறது.

இது நிஜமாகவே சகஜம்தானா? பேட்டரி கெட்டுவிடுமா? நாங்கள் வருவதற்கு முதல் நாளே வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தனியாக ஆன் செய்து வைக்கிற மாதிரி பயமில்லாத வழி ஏதாவது உண்டா?


காரைக்குடி வயர்மேன்:

ஆச்சி, அடிக்கடி நடக்கிறது என்பது உண்மை, ஆனால் சகஜம் என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் இன்வெர்ட்டரில் கோளாறு இருப்பதாகவும் தோன்றவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் பயமும் போய்விடும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்வெர்ட்டருக்குள் பேட்டரி வயர் நுழைகிற இடத்தில் வரிசையாகப் பெரிய கெப்பாசிட்டர்கள், அதாவது சார்ஜைச் சேர்த்து வைக்கிற பாகங்கள், இருக்கும். அவற்றின் கொள்ளளவு எல்லாம் சேர்த்தால் பல ஆயிரம் மைக்ரோஃபாரட் வரும், கணக்குக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். வீடு பூட்டிக் கிடந்த நாளில் அவை முழுக்க வடிந்து சுழியத்துக்கு வந்துவிடும். பேட்டரி பெயருக்கு 48 வோல்ட் என்றாலும் நிஜத்தில் 52 பக்கம் இருக்கும், காலியான கெப்பாசிட்டரில் அந்த 52 வோல்ட்டை நேராகக் கொடுத்தால், அந்த முதல் கணத்தில் அதற்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. காய்ந்து கிடக்கிற ஊருணிக்கு மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்ட மாதிரிதான். கரண்டைத் தடுக்க இருப்பது கேபிளின் ரெசிஸ்டன்ஸும் பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸும் மட்டும், இரண்டும் சேர்ந்து 25 மில்லி ஓம் என்றால் 52-ஐ 0.025-ஆல் வகுத்துப் பாருங்கள், 2000 ஆம்பியருக்கு மேல். கேபிளின் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று ஏறுவதைத் தடுக்கிற குணம்) இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், ஆனாலும் பல நூறு ஆம்பியர் போகும். எல்லாம் ஒன்றிரண்டு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடுகிறது, அதனால்தான் எம்.சி.பி, அதாவது அந்தப் பிரேக்கர், விழுவதில்லை. லக்கில் குழி விழ அந்த நேரமே போதும்.

பேட்டரிக்குள் இருக்கிற பி.எம்.எஸ், அதாவது பேட்டரியைக் காவல் காக்கிற சர்க்யூட், இதை எப்படிப் பார்க்கும்? ஷார்ட் என்றுதான் பார்க்கும். சில நூறு மைக்ரோ செகண்டில் தன் மாஸ்ஃபெட்டை (எலக்ட்ரானிக் சுவிட்சை) ஆஃப் செய்துவிடும், சிவப்பு விளக்கு அதற்குத்தான். "ரெண்டு மூணு தடவை அடிச்சா புடிச்சுக்கும்" என்பதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவை வெட்டுவதற்கு முன்னும் கொஞ்சம் சார்ஜ் கெப்பாசிட்டருக்குள் போய்விடுகிறது. அது வடிவதற்குள் நீங்கள் மறுபடி தூக்கினால் வோல்டேஜ் வித்தியாசம் குறைவு, கரண்டும் குறைவு, சத்தமும் சின்னது. கடைசியில் பி.எம்.எஸ்ஸின் எல்லைக்குள் வந்ததும் நின்றுவிடுகிறது. ஆக அவர் செய்வதும் கெப்பாசிட்டரை நிரப்புகிற வேலைதான், ஆனால் மாஸ்ஃபெட்டையும் பிரேக்கர் கான்டாக்டையும் அடித்து அடித்து நிரப்புகிறார். இப்படியே போனால் ஒரு நாள் மாஸ்ஃபெட் ஷார்ட்டாகி நின்றுவிடும், அப்புறம் எதற்கும் வெட்டாத பி.எம்.எஸ்தான் வீட்டில் இருக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

வழி எளிது. மெயின் பிரேக்கரைத் தூக்குவதற்கு முன் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்ப வேண்டும், இதற்குப் பெயர் ப்ரீ-சார்ஜ். 47 ஓம், 50 வாட், அலுமினிய உறை போட்ட வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும், எலக்ட்ரானிக்ஸ் கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முதல் கணத்தில் 1.1 ஆம்பியர்தான் போகும். 47 ஓம், 10,000 மைக்ரோஃபாரட் என்றால் டைம் கான்ஸ்டன்ட் (இரண்டையும் பெருக்கினால் வருகிற, நிரம்பும் வேகத்தின் அளவு) 0.47 செகண்ட், அதுபோல் ஐந்து மடங்கு, அதாவது இரண்டரை செகண்டுக்குள் 99 சதவீதம் நிரம்பிவிடும். அதன்பின் பிரேக்கரைத் தூக்கினால் லீவர் ஏறுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.


புதுவயல் சோலார்:

அண்ணே, ரெசிஸ்டர் எல்லாம் எதற்கு? ஹைபிரிட் இன்வெர்ட்டர்தானே, முதலில் ஈ.பி. சப்ளையை ஆன் செய்தால் இன்வெர்ட்டர் தானாக உயிர் பெற்று, சார்ஜர் வழியாகப் பேட்டரி பக்கத்துக் கெப்பாசிட்டரையும் நிரப்பிவிடும். அப்புறம் பேட்டரி பிரேக்கரைத் தூக்கினால் தீப்பொறியே வராது. நான் மாட்டிக் கொடுத்த நிறைய வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். வெயில் இருந்தால் பேனலை முதலில் ஆன் செய்தாலும் அதே வேலை நடக்கும்.


காரைக்குடி வயர்மேன்:

தம்பி சொல்வது பல மாடல்களில் வேலை செய்யும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொதுவாகச் சொல்ல முடியாது. சில இன்வெர்ட்டர்கள் பேட்டரி வோல்டேஜைப் பார்த்தால்தான் சார்ஜரையே தொடங்கும், ஈ.பி. கொடுத்தாலும் பேட்டரி முனையில் ஒன்றும் வராது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். அப்புறம் ஆச்சி வந்து இறங்குகிற நேரத்தில் கரண்ட் இல்லாமல் இருந்தால் என்ன செய்வது? சோலார் போட்டதே அதற்குத்தானே.

பேனலை முதலில் ஆன் செய்வதை மட்டும் நான் சொல்லவே மாட்டேன். தனி எம்.பி.பி.டி சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி) வைத்திருக்கிற வீட்டில் பேட்டரி இல்லாமல் பேனலைக் கொடுத்தால் சில கன்ட்ரோலர்கள் போய்விடும். பேட்டரி முதலில், பேனல் பிறகு, அணைக்கும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசியில். மேனுவலில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்த வரிசைதான் பத்திரம்.


தேவகோட்டை ரிட்டயர்டு:

வயர்மேன் தம்பி சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. ரெசிஸ்டர் கைக்குக் கிடைக்காவிட்டால் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று போதும் என்பதை மட்டும் சேர்க்கிறேன். எங்கள் காலத்தில் இதுதான் ப்ரீ-சார்ஜ். எரியாத நிலையில் அதன் இழையின் ரெசிஸ்டன்ஸ் 40 ஓம் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் கணக்கு ஏறக்குறைய ரெசிஸ்டருக்குச் சொன்னதேதான். பல்பை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர் எடுத்து, பிரேக்கர் ஆஃபில் இருக்கும்போதே அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே தொடவும். கெப்பாசிட்டர் நிரம்பும்போது இழை ஒரு கணம் லேசாகச் சிவந்தாலும் சிவக்கலாம், உடனே அணைந்துவிடும். அணையாமல் மங்கலாகச் சிவந்துகொண்டே இருந்தால் உள்ளே ஏதோ இழுக்கிறது என்று பொருள், பிரேக்கரைத் தொடக் கூடாது. பல்பில் ஒரு நல்ல குணம், சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸும் ஏறிவிடும், மறந்து விட்டுவிட்டாலும் தீய்ந்து போகாது. எல்இடி பல்பு, சிஎஃப்எல் எதுவும் இதற்கு உதவாது.

டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி வைத்திருப்பவர்களும் இந்தப் பக்கம் நிறையப் பேர். உங்களுக்கு பி.எம்.எஸ் கிடையாது, சிவப்பு விளக்கு வராது, தீப்பொறி மட்டும் வரும், அதனால் அலட்சியம் செய்துவிடுகிறீர்கள். ஆனால் சார்ஜ் ஆகும்போது அந்தப் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றுப் போகாத அறையில், மூடிக்குப் பக்கத்தில் தீப்பொறி என்றால் வெடிக்கும், ஆசிட் முகத்தில் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தீப்பொறியே வராத வழியில் செய்யுங்கள்.


கானாடுகாத்தான் வீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. பேட்டரி மேனுவலைத் தேடி எடுத்துப் படித்தேன், ப்ரீ-சார்ஜ் பற்றியோ சாஃப்ட் ஸ்டார்ட் (தானாகவே மெதுவாகத் தொடங்குகிற வசதி) பற்றியோ ஒரு வரிகூட இல்லை. இன்வெர்ட்டரின் அடியில் ஆன் ஆஃப் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அது எப்போதும் ஆனிலேயே இருக்கும். ப்ரீ-சார்ஜ் செய்யும்போது அதை என்ன செய்வது? இந்த ரெசிஸ்டரை நிரந்தரமாகவே மாட்டிவிட முடியுமா? வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கையில் வயரையும் பல்பையும் கொடுத்துத் தொடச் சொல்ல எனக்கு மனமில்லை.


காரைக்குடி வயர்மேன்:

சாஃப்ட் ஸ்டார்ட் பற்றிக் கேட்டது நல்ல விஷயம். சில பேட்டரிகளில் ப்ரீ-சார்ஜ் உள்ளேயே இருக்கிறது, ஆனால் பேட்டரி ஆன் ஆகிற அந்தக் கணத்தில்தான் அது வேலை செய்யும். அப்படிப்பட்ட பேட்டரி என்றால் பிரேக்கரை முதலில் தூக்கி வைத்துவிட்டு, பட்டனைக் கடைசியில் அழுத்த வேண்டும். வரிசையை மாற்றினால் இருந்தும் பயனில்லை. படிக்கிற மற்றவர்கள் கவனிக்கவும். உங்கள் பேட்டரியில் அது இல்லை என்று தெரிவதால் வெளியே மாட்டிவிடலாம்.

அந்தச் சுவிட்ச் கட்டாயம் ஆஃபில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே 50 வாட் இழுக்கும், அதாவது ஏறக்குறைய 1 ஆம்பியர். அந்த 1 ஆம்பியர் 47 ஓம் வழியாக வந்தால் ரெசிஸ்டரிலேயே 47 வோல்ட் விழுந்துவிடும், கெப்பாசிட்டர் எப்போதுமே நிரம்பாது. 40 வோல்ட் பக்கம் வந்ததும் டிஸ்ப்ளே மினுக்கும், உடனே அணையும், திரும்ப மினுக்கும். நிறையப் பேர் "ரெசிஸ்டர் போட்டும் வேலை செய்யவில்லை" என்று சொல்வது இதனால்தான்.

நிரந்தரமாக மாட்டுவது இப்படி. மெயின் பிரேக்கரின் பேட்டரி பக்கத்திலிருந்து 1.5 சதுர மில்லி மீட்டர் வயர் ஒன்றை எடுங்கள், எடுத்த இடத்திலேயே டிசி ரேட்டிங் உள்ள 5 ஆம்பியர் ஃபியூஸ், அதிலிருந்து புஷ் பட்டன், பட்டனிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரின் மறுமுனை பிரேக்கரின் இன்வெர்ட்டர் பக்கத்துக்கு. இன்வெர்ட்டர் பக்கத்து பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே சின்ன டிசி வோல்ட் மீட்டர் ஒன்று. பட்டன் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்கிற வகையாக இருக்க வேண்டும், கையை எடுத்ததும் விட்டுவிட வேண்டும். சாதாரண சுவிட்ச் போட்டு யாராவது ஆனிலேயே மறந்துவிட்டால், உள்ளே ஷார்ட் இருக்கிற நாளில் 57 வாட் தொடர்ந்து எரியும், ரெசிஸ்டர் தொட முடியாத சூட்டுக்குப் போய்விடும். பட்டனின் டிசி ரேட்டிங்கையும் பார்த்து வாங்குங்கள், 250 வோல்ட் ஏசி என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 முறை சுழியத்தைக் கடப்பதால் ஆர்க் தானாக அணையும், டிசியில் அது நடக்காது. மெயின் பிரேக்கருக்கும் இதே பேச்சுதான், அதில் பிளஸ் மைனஸ் குறி போட்டிருந்தால் அந்தத் திசையிலேயே மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

ரெசிஸ்டரை இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு, தகட்டைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். நம் வீடுகளில் எதை எடுத்தாலும் தேக்குப் பலகையில் அறைந்துவிடுவார்கள், நூறு வருஷம் காய்ந்த பர்மா தேக்கில் சூடாகிற சாமானை மாட்டவே கூடாது.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃப், பேனல் ஆஃப், பேட்டரி பட்டனை ஆன் செய். புஷ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார். 50 தாண்டி நின்றதும் பிடித்தபடியே பிரேக்கரைத் தூக்கு, பட்டனை விடு. அப்புறம் இன்வெர்ட்டர் சுவிட்ச், கடைசியில் பேனல். ஐந்து செகண்ட் பிடித்தும் மீட்டர் 10, 15-லேயே நின்றால் விட்டுவிடு, போன் செய். அந்தக் கடைசி வரியைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாதக்கணக்கில் பூட்டிய வீட்டில் எலி வயரைக் கடித்திருக்கலாம், பல்லி உள்ளே விழுந்து செத்திருக்கலாம், மாஸ்ஃபெட் போயிருக்கலாம். அதையெல்லாம் 1 ஆம்பியரில் கண்டுபிடித்துவிடலாம், 2000 ஆம்பியரில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.


பள்ளத்தூர் பேட்டரி:

மேலே எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நான் பூட்டிவிட்டுப் போகிற பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். பேட்டரி பிரேக்கரை ஆனிலேயே விட்டுப் போகிறவர்கள் அதிகம். பேனலும் ஈ.பி.யும் ஆஃப், இன்வெர்ட்டர் மட்டும் 50 வாட் இழுத்துக்கொண்டே இருந்தால் 5 கிலோவாட் அவர் பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில் காலி. பிரேக்கரை இறக்கிவிட்டால் மட்டும் போதாது, பேட்டரியின் சொந்தப் பட்டனையும் ஆஃப் செய்ய வேண்டும். பி.எம்.எஸ் 20 மில்லி ஆம்பியர் சாப்பிட்டாலும் மாதத்துக்கு 14 ஆம்பியர் அவர் போகும், பாதி சார்ஜில் விட்ட 100 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்றரை மாதத்தில் தரைக்கு வந்துவிடும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரியை 50, 60 சதவீதத்தில் விட்டுப் போவது நல்லது. நம் ஊர் சித்திரை வைகாசி வெயிலில் பூட்டிய அறையில் முழு சார்ஜில் கிடந்தால் ஆயுள் குறையும்.

இரண்டு பேட்டரி பேரலலில் இருப்பதால் இன்னொன்று. மறுபடி ஆன் செய்யும் முன் இரண்டின் வோல்டேஜையும் தனித்தனியாகப் பாருங்கள். 1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஒன்றிலிருந்து மற்றதுக்கு 20 ஆம்பியர் போலப் பாயும், அதற்குப் ப்ரீ-சார்ஜ் ரெசிஸ்டர் உதவாது. குறைவாக இருப்பதை மட்டும் முதலில் இணைத்துச் சார்ஜ் ஏற்றி, இரண்டும் ஒன்றுக்கொன்று கிட்ட வந்ததும் சேருங்கள்.

காரைக்குடியில் செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கிற ஊர்ப்பக்கம் இது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம், பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் நடக்கிறது. அதற்குக் கிட்டத்திலேயே இருந்துகொண்டு "தீப்பொறி வந்தா அப்படித்தான்" என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்றால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பேட்டரி மாட்டுகிறவர்களுக்கு ப்ரீ-சார்ஜ் முதல் பாடமாக இருக்க வேண்டும்.


கானாடுகாத்தான் வீடு:

மாட்டியாகிவிட்டது! வேறு ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து, இங்கே எழுதியதையே காட்டிச் செய்யச் சொன்னோம். பட்டனை அழுத்தியதும் மீட்டரில் எண் சரசரவென்று ஏறி 51.8-இல் நின்றது, பிரேக்கரைத் தூக்கினால் சத்தமே இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தானாகவே செய்து காட்டினார். இரண்டு பேட்டரிக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்தான் இருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். எல்லாம் ஆஃப் செய்து பிரேக்கரை இறக்கிய பிறகும் அந்தச் சின்ன மீட்டர் 48, 47 என்று காட்டிக்கொண்டே மெதுவாக இறங்குகிறது. பேட்டரி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?


காரைக்குடி வயர்மேன்:

சந்தோஷம் ஆச்சி. அது பேட்டரி இல்லை, நீங்கள் நிரப்பிய கெப்பாசிட்டரில் மிச்சம் இருப்பது. பேட்டரி ஒட்டியிருந்தால் எண் இறங்காது. உள்ளே இருக்கிற சின்ன ரெசிஸ்டர்கள் வழியாகத் தானாக வடியும், சில நிமிஷம் பிடிக்கும். சீக்கிரம் வடிய வேண்டுமென்றால் பேட்டரி, பேனல், ஈ.பி. மூன்றும் ஆஃபில் இருக்கும்போது இன்வெர்ட்டர் சுவிட்சை ஒரு தடவை ஆன் செய்யுங்கள், அதுவே இழுத்துக் குடித்துவிடும், மீட்டர் கீழே விழுந்ததும் சுவிட்சை மறுபடி ஆஃபில் போட்டுவிடுங்கள்.

சர்வீசுக்கு யாராவது வந்து மூடியைத் திறப்பதாக இருந்தால் மீட்டர் சுழியம் காட்டினாலும் அவசரப்பட வேண்டாம். உள்ளே இன்னொரு வரிசைக் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் பக்கம் இருக்கும், இந்த மீட்டருக்கு அது தெரியாது. இன்வெர்ட்டரின் பக்கவாட்டில் எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள், அவ்வளவு நேரம் விட்டு, அளந்து பார்த்துவிட்டுக் கை வைக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு, விடாதீர்கள். பேட்டரி முனையில் வேலை செய்கிறவர் மோதிரம், கைச்சங்கிலி, இரும்புக் கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று நினைப்பார்கள், மோதிரம் இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டினால் விரலோடு சேர்ந்து உருகும். குழி விழுந்த அந்த லக்கையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய லக்கை க்ரிம்ப் (கருவியால் அழுத்தி இறுக்குவது) செய்துவிடச் சொல்லுங்கள், 100 ஆம்பியர் போகும்போது சூடாகப் போவது அந்த இடம்தான்.